வாய் மட்டும் போதாது: ஈ-ஸ்போர்ட்ஸ் பார்க்கும்போது ஒழுங்காகப் பகிடி விடுவது எப்படி

டோட்டாவின் தி இன்டர்நேஷனல், லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் உலகக் கிண்ணம், வலோரண்ட் சாம்பியன்ஸ் என்று கணினி விளையாட்டின் எந்த உலகப் போட்டியை எடுத்தாலும் இதுவரை இலங்கை அணி ஒன்று அந்த மேடையில் ஏறியதில்லை. ஆனால் அந்த நாட்களில் எங்கள் திருகோணமலையில் உவர்மலைக்கும் கிண்ணியாவுக்கும் இடையில் வாட்ஸ்அப்பில் நடக்கிற வாய்ச்சண்டையைப் பார்க்கிறவன், நம்ம ஊர்ப் பொடியன்தான் கோப்பை தூக்கப் போகிறான் என்று நினைப்பான். ஒருத்தன் கொரியாவுக்காக அடிபடுகிறான், ஒருத்தன் சீனாவுக்காக, இன்னொருத்தன் சில வருஷத்துக்கு முன் பெயரே கேள்விப்படாத ஒரு சவூதி அணிக்காக.

எல்லாம் இரவல் கொடி. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை, இங்கிலாந்துக் கால்பந்து அணிகளுக்காக ஆளையாள் கதைக்காமல் திரிந்த அண்ணாமார் இருக்கிற ஊர் இது. இரவல் கொடியில் ஒரு சுகமும் இருக்கிறது: அணி தோற்றால் நமக்கு ஒரு சதமும் நட்டமில்லை, பகிடி மட்டும் மிச்சம். ஆனால் பாதிப் பேருக்கு அதை விடத் தெரியவில்லை. "ஈஸி" என்று ஒரு சொல்லும் சிரிக்கிற எமோஜி நாலும் போட்டுவிட்டு ஏதோ பெரிதாகக் கடித்துவிட்டதாக நினைக்கிறார்கள். அதை வாசித்து எவனும் கடுப்பாவதும் இல்லை, சிரிப்பதும் இல்லை. கூட்டமாக இருந்து மேட்ச் பார்க்கிற, குழுவில் எழுதுகிற தம்பி தங்கச்சிமாருக்காக எனக்குத் தெரிந்ததை இங்கே கொட்டி வைக்கிறேன்.

கொடியை முதலே சொல்லுங்கள்

குரூப் ஸ்டேஜின் முதல் மேட்ச் தொடங்கும் முன்பே நீங்கள் எந்தப் பிராந்தியம் என்று குழுவில் எழுதிவிடுங்கள். அரையிறுதி வரை பொறுத்திருந்து ஜெயிக்கிற பக்கம் பாய்கிறவனுக்கு யாரையும் பகிடி பண்ணுகிற உரிமை கிடையாது. மற்ற இடங்களில் இது எழுதாத சட்டம், எங்கள் குழுவில் டிஸ்கிரிப்ஷனிலேயே எழுதி வைத்திருக்கிறோம், அவ்வளவு அனுபவம்.

காரணம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. எங்களில் ஒருத்தன் எந்த விளையாட்டானாலும் சீன அணிகளுக்குத்தான் ஆதரவு. வீடு சீனக்குடாவில் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை, கேட்டால் "ஊர்ப் பற்று மச்சான்" என்பான். டோட்டா ஆடுகிறவர்கள் பெரும்பாலும் சிங்கப்பூர் சேர்வரில் கிடந்து வளர்ந்தவர்கள் என்பதால் தென்கிழக்காசியா பக்கம் சாய்வார்கள். இரவு 2 மணிக்கு மைக்கில் நம் பரம்பரையையே திட்டிய பிலிப்பைன்ஸ்காரனின் நாட்டு அணி மேடையில் நின்றால் ஏனோ பாசம் வந்துவிடுகிறது.

தெரிவு செய்யும்போது நேரத்தையும் கணக்கில் எடுங்கள், இதை ஒருத்தரும் சொல்லித் தருவதில்லை. கொரியா நம்மைவிட மூன்றரை மணித்தியாலம் முன்னால், சீனா இரண்டரை. அங்கே மாலை என்றால் நமக்குப் பகல், வீட்டில் ஏச்சு வாங்காமல் பார்க்கலாம். ஐரோப்பாவில் நடந்தால் நமக்கு இரவு. அமெரிக்கா என்றால் போச்சு: 2022 லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் இறுதிப் போட்டி சான் ஃபிரான்சிஸ்கோவில் சனி மாலை, நமக்கு ஞாயிறு விடியற்காலை. சாதாரண தரப் பரீட்சை வருகிற வருஷம் அமெரிக்க அணிக்கு ஆதரவு தருகிறேன் என்று நிற்காதீர்கள், தாங்காது.

வீட்டுப்பாடம் செய்யாதவன் வாய் திறக்கக் கூடாது

நல்ல பகிடிக்கு அடியில் எப்போதும் ஒரு உண்மை இருக்கும். எதிராளி மறுக்க முடியாத ஒரு ஸ்கோர், ஒரு வருஷம், ஒரு சொதப்பல். அதை எடுத்து நம்ம ஊர் வாய்ப்பேச்சில் ஒரு வரியாகத் திருப்பிப் போடுவதுதான் வேலை. அதனால் முதலில் உண்மைகளைச் சேர்க்க வேண்டும், அதுவும் எதிராளியைப் பற்றி மட்டும் இல்லாமல் உங்கள் கொடியைப் பற்றியும், ஏனென்றால் அவன் எங்கே அடிப்பான் என்று தெரிந்தால்தான் பதில் கைவசம் இருக்கும்.

டோட்டாவில் சீனாவை எடுப்போம். 2012, 2014, 2016 என்று இரட்டைப்படை வருஷங்களில் தி இன்டர்நேஷனல் கோப்பை சீனாவுக்கே போனது, அதனால் 2018இலும் வரும் என்று சீன ரசிகர்கள் சாத்திரம் மாதிரி நம்பினார்கள். அந்த வருஷம் வான்கூவரில் சீனாவின் எல்ஜிடி இறுதிப் போட்டியில் 2-1 என்று முன்னால் நின்றது. எதிரே ஐரோப்பாவின் ஓஜி, யாரும் சேரலாம் என்கிற ஓப்பன் குவாலிஃபையரில் ஆரம்பித்து வந்த அணி. முடிவு 3-2, ஓஜிக்கு. அடுத்த வருஷம் போட்டி சீனாவிலேயே, ஷாங்காயில் நடந்தது, அங்கேயும் ஓஜிதான் தூக்கியது. 2021இல் புக்கரெஸ்டில் எல்ஜிடி மறுபடி இறுதிக்கு வந்து, 0-2 இலிருந்து 2-2 ஆக்கி, கடைசி மேட்சில் டீம் ஸ்பிரிட்டிடம் விட்டது. பரிசுத் தொகை மொத்தம் 4 கோடி டாலர் இருந்த வருஷம் அது. 2025இல் ஹாம்பர்க்கில் சீனாவின் எக்ஸ்ட்ரீம் கேமிங், சவூதியின் ஃபால்கன்ஸிடம் மறுபடி 2-3. இந்த மூன்று இறுதிப் போட்டிகளிலும் ஆடிய ஒரு ஆள் இருக்கிறார், அமே.

இவ்வளவும் தெரிந்தவன் "சீனா வேஸ்ட்" என்று எழுத மாட்டான். எங்கள் குழுவில் வந்த வரி இது: "உங்கட ஆக்களுக்கு ரெண்டுக்கு மேல எண்ணத் தெரியாதோ?" மூன்று இறுதிப் போட்டியும் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது, சீனக்குடாக்காரனும் சிரித்துவிட்டுத்தான் கெட்ட வார்த்தை எழுதினான்.

அவனுடைய பதில் தென்கிழக்காசியா மேல் வந்தது, சரியான அடி: "நாங்க ஃபைனல்ல தோக்கிறம், நீங்க ஃபைனலை யூடியூப்லதான் பார்த்திருக்கிறீங்க." உண்மை. தி இன்டர்நேஷனலில் தென்கிழக்காசிய அணி எதுவும் இறுதிக்குப் போனதில்லை, மலேசியாவின் ஆரஞ்ச் 2013இல் மூன்றாம் இடம், அதுதான் உச்சம். இந்தக் கொடியைப் பிடிக்கிறவர்கள் 2016ஐ நெஞ்சில் பச்சை குத்தி வைத்திருக்க வேண்டும்: பிலிப்பைன்ஸின் டிஎன்சி, கோப்பை வெல்லும் என்று எல்லோரும் நினைத்த ஓஜியை 2-0 என்று வீட்டுக்கு அனுப்பியது. அப்புறம் மொபைல் லெஜெண்ட்ஸ் பக்கம் பேச்சைத் திருப்புங்கள். அங்கே எம்2 முதல் எம்6 வரை தொடர்ந்து ஐந்து உலகக் கிண்ணம் பிலிப்பைன்ஸ் அணிகளுக்கு, அதில் வாயாட எவனாலும் முடியாது. வலோரண்டில் சிங்கப்பூரின் பேப்பர் ரெக்ஸ் 2025இல் டொராண்டோ மாஸ்டர்ஸை எடுத்திருக்கிறது. அதுவும் இல்லாவிட்டால் டோட்டாவுக்குள் குரல் ஒலிக்க விடுகிற சட் வீலில் "லகாட் மதாதாக்" என்ற பிலிப்பைன்ஸ் வர்ணனைச் சத்தத்தை ஒலிக்க விடுங்கள். கோப்பை இல்லாவிட்டாலும் சத்தம் நம்மிடம் இருக்கிறது.

லீக் ஆடுகிறவர்கள் ஊரில் குறைவு, பார்க்கிறவர்கள் அதைவிடக் கொஞ்சம் கூட. ஆனால் பிராந்தியப் பகிடிக்கு அந்த விளையாட்டுக்கு நிகர் கிடையாது, கணக்கு அவ்வளவு தெளிவு. 2025 வரை 15 உலகக் கிண்ணம், அதில் 10 கொரியாவுக்கு, 3 சீனாவுக்கு, தாய்வானுக்கு ஒன்று, ஐரோப்பாவுக்கு ஒன்று. ஐரோப்பாவின் அந்த ஒன்று 2011இல் ஃப்னாட்டிக் எடுத்தது, அந்த வருஷம் கொரியாவும் சீனாவும் போட்டிக்கே வரவில்லை. இதற்கு எங்கள் வகுப்பறைப் பாஷையில் ஒரு அடி இருக்கிறது: "முதலாம் பிள்ளையும் ரெண்டாம் பிள்ளையும் லீவு போட்ட நாளில நீ முதலாம் பிள்ளை." அதற்குப் பிறகு 2018இலும் 2019இலும் ஐரோப்பா இறுதிக்கு வந்தது, இரண்டு முறையும் சீன அணியிடம் 0-3. ஐரோப்பாக் கொடி பிடிக்கிறவர் 2019 மே மாதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், எம்எஸ்ஐ என்ற வருஷ நடுச் சர்வதேசப் போட்டியில் ஜீ டூ அரையிறுதியில் கொரியாவின் எஸ்கேடியையே வீழ்த்திக் கோப்பை எடுத்தது.

வட அமெரிக்காவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. உலகக் கிண்ண இறுதியைக் கண்ணால் கண்டதில்லை, ஆனால் வருஷா வருஷம் "இடைவெளி குறைந்துகொண்டு வருகிறது" என்று சொல்வார்கள்.

கொரியாக்காரனை அடிப்பதுதான் கஷ்டம். ஃபேக்கர் என்ற வீரரின் பெயரைப் போட்டுவிட்டுப் போர்த்துக்கொண்டு படுத்துவிடுவான்: 2013, 2015, 2016, 2023, 2024, 2025, ஆறு கிண்ணம், கடைசி மூன்றும் தொடர்ச்சியாக. உலகக் கிண்ணத்தில் ஐந்து மேட்ச் தொடரில் எந்தச் சீன அணியிடமும் தோற்றதில்லை என்றும் கூடவே போடுவான். அதற்கு இரண்டு பதில் இருக்கிறது. ஒன்று 2018: போட்டி கொரியாவில், ஆனால் ஒரு கொரிய அணிகூட அரையிறுதிக்கு வரவில்லை. "கலியாண வீட்டுக்காரனுக்கே பந்தியில இடமில்லை" என்றால் கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. மற்றது 2022 எம்எஸ்ஐ, பூசானில், சொந்த ரசிகர்கள் முன்னால் ஃபேக்கரின் டீ ஒன் (பழைய எஸ்கேடி) 2-3 என்று சீனாவின் ஆர்என்ஜியிடம் தோற்றது, அதுவும் ஆர்என்ஜி அங்கே வரவே இல்லை, கொரோனாக் கட்டுப்பாட்டால் சீனாவில் இருந்துகொண்டே ஆடியது.

அந்த எம்எஸ்ஐயில் இன்னொரு கூத்தும் உண்டு. தூரத்திலிருந்து ஆடுகிற அணிக்குச் சமமாக இருக்க எல்லோருக்கும் பிங், அதாவது சிக்னல் போய் வருகிற தாமதம், 35 மில்லிசெக்கன் என்று வைத்தார்கள், பிறகு பார்த்தால் ஆர்என்ஜிக்கு உண்மையில் அதைவிடக் குறைவு, அவர்கள் ஆடிய மேட்சுகளைத் திரும்ப ஆட வைத்தார்கள். 35 பிங்கில் ஆட முடியாது என்று அங்கே தொழில்முறை வீரர்கள் முறைப்பாடு செய்த வாரம், இங்கே மழைக்கு 4ஜியில் ஆடிக்கொண்டிருந்தவர்களின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

எங்கே அடிக்கலாம், எங்கே கூடாது

டிராஃப்டை, அதாவது மேட்சுக்கு முன் ஹீரோ தெரிவு செய்த விதத்தை, அடிக்கலாம். பைபேக் (கோல்ட் கொடுத்து உடனே உயிர்த்தெழுவது) இல்லாமல் செத்ததை, ரோஷான் என்ற பெரிய பூதத்தின் குகைக்குள் ஐந்து பேரும் சேர்ந்து போய் மாட்டியதை, 20 ஆயிரம் கோல்ட் முன்னால் நின்று தோற்றதை அடிக்கலாம். சாதனைப் பட்டியலை அடிக்கலாம். ரசிகனின் வாயை, அவன் நேற்றுச் சொன்ன ஆரூடத்தை, ஸ்கிரீன்ஷாட்டோடு அடிக்கலாம், அதுதான் இருப்பதிலேயே ருசி.

இனம், நிறம், மொழி, மதம், மூக்கு, கண், இவற்றைத் தொடாதீர்கள். 2018 நவம்பரில் இரண்டு பிலிப்பைன்ஸ் டோட்டா வீரர்கள் மேட்சின் சட்டில் சீனர்களைக் கேலி செய்கிற இனவாதச் சொல்லைத் தட்டினார்கள். ஒரு வரிதான். அது பெரும் பிரச்சினையாகி, அவர்களில் ஒருவரான டிஎன்சியின் குகுவை 2019 ஜனவரியில் சோங்சிங் மேஜருக்குக் கூட்டிக்கொண்டு வரக் கூடாது என்று டோட்டாவின் சொந்தக்கார நிறுவனமான வால்வ் சொல்லிவிட்டது. அணி அவர் இல்லாமல் போனது. ஒரு தொழில்முறை வீரனுக்கே அந்தக் கதி என்றால், அந்தச் சொல்லை எடுத்து வந்து நம் குழுவில் நகைச்சுவை என்று போடுகிறவனை அட்மின் தூக்குவதில் என்ன தப்பு.

நம்ம ஊரில் இதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. ஒரே குழுவில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பொடியன்கள் இருப்பார்கள், ஆங்கில எழுத்தில் மூன்று மொழியும் ஓடும். கந்தளாய் நண்பனைப் பகிடி பண்ணுவதென்றால் அவனுக்கு விளங்குகிற மொழியில் பண்ணுங்கள். நீங்கள் தமிழில் "டேய் உன்ர டிராஃப்ட் பழஞ்சோறு" என்று எழுதி நாலு பேர் விழுந்து சிரித்தால், அவனுக்குத் தெரிவது தன்னைப் பற்றி ஏதோ எழுதி எல்லோரும் சிரிக்கிறார்கள் என்பது மட்டும்தான். உள்ளே இருப்பது வெறும் பழஞ்சோறு என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அதை விளங்கப்படுத்தப் போனால் பகிடியும் செத்துவிடும், அடுத்த மேட்சும் தொடங்கிவிடும்.

பெண்பிள்ளைகள் மைக்கில் வந்தால் அவர்களுக்கும் அதே அடி, அதே இடத்தில்: டிராஃப்ட், சொதப்பல், கொடி. குரலைப் பற்றி, ஆளைப் பற்றி ஒரு சொல் போனாலும் அது வேறு சமாச்சாரம், அதைப் பகிடிக் கணக்கில் எழுத முடியாது.

"வித்துட்டாங்கள்" என்ற சொல்லையும் கொஞ்சம் பார்த்துப் பாவியுங்கள். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு அது தும்மல் மாதிரி வருகிறது, பிடித்த அணி தோற்ற அடுத்த நொடி "ஃபிக்சிங்". ஆனால் இந்த உலகில் அது உண்மையாகவே நடந்திருக்கிறது. 2014இல் ஐபைபவர் என்ற அமெரிக்கக் கவுண்டர்-ஸ்ட்ரைக் அணி ஒரு மேட்சை வேண்டுமென்றே விட்டது, 2015 ஜனவரியில் அதில் சம்பந்தப்பட்டவர்களை வால்வ் தடை செய்தது. ஆதாரம் இல்லாமல் அந்தச் சொல்லை எறிகிறவனுக்கு வேறு சரக்கு இல்லை என்றுதான் அர்த்தம்.

அதேபோல வீரர்களை டாக் பண்ணாதீர்கள். பகிடி ரசிகனுக்கும் ரசிகனுக்கும் இடையில். பத்தொன்பது வயதுப் பொடியன் ஒருத்தன் ஐந்தாவது மேட்சைத் தோற்றுவிட்டுப் போனைத் திறக்கும்போது அங்கே உங்கள் நக்கல் இருக்கத் தேவையில்லை.

நேரம் பார்த்து, சிக்னல் பார்த்து

டீம்ஃபைட் நடக்கும்போது எழுதாதீர்கள், ஒருத்தரும் வாசிக்க மாட்டார்கள். டிராஃப்ட் நேரம், இடைவேளை, மேட்ச் முடிந்து முதல் ஐந்து நிமிடம், இவைதான் பொன்னான நேரம். ஒரு வரிக்கு மேல் போகாதீர்கள். வடிவேலு ஸ்டிக்கர் ஒன்று சரியான இடத்தில் விழுந்தால் பத்து வரி மிச்சம், ஆனால் அதையே மூன்றாம் முறை போட்டால் மியூட்தான்.

இதைவிட முக்கியம் ஸ்ட்ரீம் தாமதம். லிங்கநகரில் ஃபைபரில் பார்க்கிறவனுக்கும் நிலாவெளியில் டேட்டாவில் பார்க்கிறவனுக்கும் ஒரே மேட்ச் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. யூடியூப் ஒரு கணக்கு, ட்விச் ஒரு கணக்கு, டோட்டாவுக்குள்ளேயே பார்க்கிறவன் வேறொரு கணக்கு. நீங்கள் "ஹாஹா போச்சு" என்று எழுதும்போது அவனுக்கு இன்னும் ஆளே சாகவில்லை. அதனால் டிராஃப்ட் தொடங்கியதும் எல்லோரும் முதல் பிக் வந்த நொடியில் ஒரு புள்ளி போடுங்கள். யாருடைய புள்ளி கடைசியாக வருகிறதோ அவன் பார்த்து முடிக்கிற வரைக்கும் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். அவன் பொய்யாகப் பிந்திப் போடுகிறான் என்று சந்தேகம் வரும். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

"லாக்", "பிங்", "கரண்ட் போச்சு" என்ற சாக்குகளும் வரும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுக்கக் கரண்ட் போன பிறகு, இந்தச் சாக்குக்கு எங்கள் பதில் ஒரே சொல்: "குரங்கா?" வேறு எதுவும் எழுதத் தேவையில்லை.

இந்தியாக்காரனோடு

தமிழ்நாட்டு ஸ்ட்ரீமர்களின் சட்டில் போய் வாயாடுகிற பழக்கம் நம் ஆட்களுக்கு உண்டு, மொழி ஒன்று என்பதால் சுகம். அங்கே போவதற்கு முன் ஒரு எச்சரிக்கை: கிரிக்கெட்டை இழுக்காதீர்கள். நீங்கள் தொண்ணூற்றாறை எடுத்தால் அவன் 2023 ஆசியக் கிண்ண இறுதியை எடுப்பான், 50 ஓட்டத்துக்குச் சுருண்டதை. அதோடு கதை முடிந்தது, போனை வைத்துவிட்டுக் கடற்கரைக்கு நடக்க வேண்டியதுதான்.

விளையாட்டுக்குள்ளேயே நிற்க வேண்டும். பப்ஜி மொபைலை 2020 செப்டம்பரில் இந்தியா தடை செய்தது, 2021இல் பிஜிஎம்ஐ என்று வேறு பெயரில் வந்தது, 2022 ஜூலையில் அதுவும் ஆப் ஸ்டோரிலிருந்து காணாமல் போனது, 2023இல் திரும்பி வந்தது. "இண்டைக்கு உங்கட நாட்டில கேம் இருக்கா இல்லையா, பார்த்துட்டு வா" என்றால் போதும். கவுண்டர்-ஸ்ட்ரைக் ஆட்கள் என்றால் "வேர்ட் டாட் எக்ஸி" என்று மட்டும் எழுதுங்கள். 2018இல் ஷாங்காயில் ஆப்டிக் இந்தியா வீரர் ஒருவர் மேடையிலேயே ஏமாற்று மென்பொருளோடு பிடிபட்டார், அந்த ஃபைலுக்கு வைத்திருந்த பெயர் அதுதான். அந்த அணியே கலைக்கப்பட்டது. இந்திய ரசிகர்களே இதைச் சொல்லித் தங்களைத் தாங்களே கிண்டல் பண்ணுவார்கள், அதனால் புண்படாது. பதிலுக்கு அவன் "உங்களுக்குச் சீட் பண்ணவாவது கரண்ட் இருந்ததா" என்று 2022ஐ ஞாபகப்படுத்துவான், 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த வருஷம். சிரித்துவிட்டு ஒத்துக்கொள்ளுங்கள். சமநிலை.

உள்ளூர்ப் போட்டி என்றால்

இதுவரை சொன்னது ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் நடக்கிற மேட்சுக்கு. கிண்ணியா, மூதூர், டவுன் அணிகள் மோதுகிற பப்ஜி, ஃப்ரீ ஃபயர் போட்டிகளில் எதிராளி பக்கத்துக் கதிரையில் இருப்பான், அவனுடைய மாமா உங்கள் அப்பாவோடு வேலை செய்வார். அங்கே கொடி இரவல் இல்லை. அதனால் அடியைக் கொஞ்சம் மெதுவாக்கி, ஊரை எடுத்து விளையாடுங்கள்.

ஊர்ப் பகிடிக்கு இங்கே பஞ்சமே இல்லை. கிண்ணியா அணி பிந்தி வந்தால் "பாலம் போட்டுத் தந்தும் பாதையில வாற பழக்கம் போகேல்ல" என்பார்கள், 2009இல் பாலம் திறக்கும் வரை எல்லோரும் பாதை என்கிற மிதவைப் படகில்தானே கடந்தோம். கிண்ணியாப் பொடியன் விடுவானா, "நாங்க தயிரோட வந்தம், நீங்க தோல்வியோட நிண்டீங்க" என்று ஒரு போடு போடுவான். மட்டக்களப்பு அணி வந்தால் "பாடும் மீனுக்குச் சுடத் தெரியாது". அவர்கள் நம்மைப் பிடிப்பது மானை வைத்து: "உங்கட ஊரில மானே ரோட்டில நிண்டு பேப்பர் தின்னுது, நீங்க ஸோனுக்க நிண்டு என்னத்தைத் தின்னுறீங்க?" பிங் ஏறி இறங்குகிற ஆளைப் பார்த்து "கன்னியா ஏழு கிணறு" என்றால் உள்ளூர்க்காரன் எல்லோருக்கும் விளங்கும், ஏழுக்கும் ஏழு சூடு.

உங்களை விட மூத்தவர் ஆடுகிறார் என்றால் அண்ணா, நானா என்று கூப்பிட்டுவிட்டு அடியுங்கள். "நானா, அந்த கிரனைட் யாருக்கு எறிஞ்சீங்க, எங்களுக்கா உங்கட ஆக்களுக்கா?" மரியாதையும் போகவில்லை, அடியும் விழுந்தது. மைதானத்தில் உம்மாவோ அம்மாவோ பார்த்துக்கொண்டிருந்தால் ஒலியைக் குறையுங்கள், இது விதி இல்லை, உயிர்ப் பாதுகாப்பு.

தோற்கிற நாள்

எல்லாக் கொடியும் ஒரு நாள் விழும், அதனால் வாங்கவும் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்து நன்றாக வேலை செய்கிற முறை ஒன்றுதான்: தோற்ற பக்கத்துக்காரன்தான் முதல் வரி எழுத வேண்டும். அதுவரை மற்றவர்கள் பொறுக்க வேண்டும்.

2025 ஹாம்பர்க் இறுதி முடிந்ததும் எங்கள் குழுவில் ஒருத்தனும் எழுதவில்லை. மூன்றாம் முறை 2-3 என்று அமே கதிரையில் இருந்ததை எல்லோரும் பார்த்தோம், சீனக்குடாக்காரன் ஆன்லைனில் இருப்பதும் தெரிந்தது, ஆனால் அவன் எழுதவில்லை. ஸ்டிக்கர் எல்லாம் தயாராக வைத்திருந்தவர்கள்கூடக் கையை அடக்கிக்கொண்டார்கள். அடுத்த நாள் காலை அவனே போட்டான்: "வெள்ளிப் பதக்கக் கடை திறந்திருக்கிறன். மொத்தமாவும் தரலாம், சில்லறையாவும் தரலாம். பழைய வாடிக்கையாளருக்குக் கழிவு." அதற்குப் பிறகு மத்தியானம் வரைக்கும் குழு நிற்கவில்லை, விலை கேட்டவன் எத்தனை, தவணைக்குக் கேட்டவன் எத்தனை. அவனே கதவைத் திறந்துவிட்டதால் ஒரு அடியும் வலித்திருக்காது என்று நினைக்கிறேன்.

பந்தயம் கட்டுவதென்றால் கொத்துரொட்டிக்குக் கட்டுங்கள், காசுக்கும் ஸ்கின்னுக்கும் வேண்டாம். காசு வந்தால் பகிடி போய் கணக்கு வந்துவிடும், பிறகு ஆளையாள் பார்க்கும்போது முகம் கோணும். சாதாக் கொத்தா, சீஸ் கொத்தா, எந்தக் கடை, பிளேன்ரீ சேர்த்தா சேர்க்காமலா என்பதெல்லாம் முதலே எழுதிவிடுங்கள், ஏனென்றால் தோற்றவன் எப்போதும் முட்டைக் கொத்து என்றுதான் ஞாபகம் வைத்திருப்பான். அடுத்த பெரிய போட்டி தொடங்கும் முன் கடன் தீர வேண்டும். தீர்க்காதவனுக்குக் கொடி தெரிவு செய்கிற உரிமை கிடையாது, குழு கொடுக்கிற கொடியைத்தான் பிடிக்க வேண்டும். போன முறை அப்படி மாட்டியவனுக்கு லீக் உலகக் கிண்ணத்தில் வட அமெரிக்காவைக் கொடுத்தோம். இந்த முறை காசு கையில் வந்த அன்றைக்கே கொத்து வாங்கிக்கொண்டு வீட்டு வாசலில் நின்றான்.